மூன்று மாதச் சான்றிதழா, இரண்டு ஆண்டு டிரேடா? வியாசர்பாடியிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். "என் தம்பிக்கு 19 வயது. அரசுப் பள்ளியில் படித்து பிளஸ் 2 வணிகவியல் பிரிவில் தேர்ச்சி பெற்றான். கல்லூரியில் சேரவில்லை. ஒன்றரை ஆண்டாக பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். எங்கள் தெருவுக்கு வந்த ஒருவர், அரசுத் திட்டத்தில் மூன்று மாத இலவசப் பயிற்சி, முடித்தவுடன் வேலை உறுதி என்கிறார். பதிவுக்கு மட்டும் 3,000 ரூபாய் கேட்கிறார். சேர்க்கலாமா? அம்மா குரூப் 4 எழுதச் சொல்கிறார். எம்ப்ளாய்மென்டில் பதிந்து வைத்திருக்கிறோம், அதனால் ஏதாவது பயன் உண்டா? நான் பத்தாவது முடித்தவள், வயது 24, ஐந்து ஆண்டாக எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறேன். அவனுக்கு ஆகும் செலவை நான் பார்த்துக்கொள்வேன்."

முதலில் அந்த 3,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

நான் அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் 31 ஆண்டுகள் பயிற்சி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். தண்டையார்பேட்டையில் பிறந்து, இன்னும் அங்கேயே இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒரு பையன் அம்மாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு இதே கேள்வியுடன் என் வீட்டுக்கு வருவான். அதனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தெரிந்த நூறு முகங்கள் நினைவுக்கு வந்தன.

தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்தும் குறுகியகாலப் பயிற்சியானாலும், மத்திய அரசு 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் பயிற்சித் திட்டமானாலும், சேருபவர் ஒரு ரூபாய் கூடக் கட்ட வேண்டியதில்லை. பயிற்சி தரும் நிறுவனத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசே தவணையாகப் பணம் கொடுக்கிறது. ஆகவே ஒரு மாணவரைச் சேர்த்தாலே அந்த நிறுவனத்துக்கு வருமானம். தெருத்தெருவாக ஆள் தேடி வருவதன் காரணம் இதுதான். அதில் தவறு எதுவும் இல்லை, நல்ல நிறுவனங்களும் அப்படித்தான் வருகின்றன. ஆனால் அரசிடமும் வாங்கி உங்களிடமும் கேட்பவர் ஒன்று ஏமாற்றுக்காரராக இருப்பார், இல்லையென்றால் நிறுவனத்துக்கே தெரியாமல் நடுவில் நிற்கும் தரகராக இருப்பார். பதிவுக் கட்டணம், சீருடைப் பணம், வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

சரி, பணம் கேட்காத நல்ல மையமாகவே இருக்கட்டும். அப்போது மூன்று மாதப் பயிற்சியில் சேர்க்கலாமா?

எனக்குத் தெரிந்த ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். கொடுங்கையூர்க்காரன், பிளஸ் 2 முடித்தவன். மூன்று மாத 'எலக்ட்ரிக்கல்' பயிற்சிக்குப் போனான். பயிற்சி நடந்த அறையில் இரண்டு சுவிட்ச் போர்டுகளும் ஒரு புரொஜெக்டரும் இருந்தன. சான்றிதழ் வந்தது, வேலையும் வந்தது. ஒரகடம் பக்கத்தில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. விடுதி வாடகையும் சாப்பாடும் போகக் கையில் எதுவும் நிற்கவில்லை. நாற்பது நாளில் திரும்பி வந்துவிட்டான். மையத்தின் கணக்கில் அவனுக்கு வேலை கிடைத்தாகிவிட்டது. அவன் கணக்கில் ஐந்து மாதம் போய்விட்டது. அதுகூடப் பெரிய இழப்பில்லை. "நமக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று அவன் முடிவு கட்டிக்கொண்டதுதான் பெரிய இழப்பு. அதன் பிறகு எந்த விண்ணப்பத்தையும் அவன் தொடவில்லை. அவனை மறுபடி உட்கார வைத்துப் பேச எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

எல்லாக் குறுகியகாலப் பயிற்சியும் இப்படி என்று சொல்லமாட்டேன். மாதவரம், மணலி, பொன்னேரி சாலை நெடுகக் கன்டெய்னர் யார்டுகள் இருக்கின்றன. அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு. ஏற்கெனவே கை பழகிய ஒருவர், வெல்டரோ ஏ.சி. மெக்கானிக்கோ, ஒரு புதிய முறையைக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் போதும். தொழிலே தெரியாதவனைத் தொழிலாளியாக்க மூன்று மாதம் போதாது. திட்டத்தின் பெயர் 'நான் முதல்வன்' ஆகட்டும், 2025இல் வந்த 'வெற்றி நிச்சயம்' ஆகட்டும், பெயரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மையத்துக்கு நேரில் போய், சான்றிதழில் யார் கையெழுத்திடுவார்கள் என்று கேளுங்கள். பயிற்சிகளை நிலை வாரியாகத் தரம் பிரிக்கும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் இது எந்த நிலை என்று கேளுங்கள். பயிற்சிக் கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இருபது பேருக்கு எத்தனை மெஷின் என்று உங்கள் கண்ணாலேயே எண்ணுங்கள். ஐந்து ஆண்டு தையல் மெஷினில் உட்கார்ந்த உங்களுக்கு, பழகுவதற்கு வைத்த மெஷின் எது, காட்சிக்கு வைத்த மெஷின் எது என்று பார்த்தவுடன் தெரியும். கடைசியாக, போன முறை முடித்த ஒரு பையனின் எண்ணைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் தம்பிக்கு என் பதில் ஐ.டி.ஐ.தான். ஒரே வரியில் சொல்வதானால், இரண்டு ஆண்டு டிரேடு, அதாவது ஒரு தொழிற்பிரிவில் படிப்பு, அதன் பின் ஓர் ஆண்டு அப்ரண்டிஸ், அதாவது தொழிற்சாலையில் உதவித்தொகையுடன் தொழில் பழகுவது. வட சென்னையில் பிறந்த ஒரு பையனுக்கு இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை.

பிளஸ் 2வில் வணிகவியல் படித்தது தடையா என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம். தடையே இல்லை. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட் போன்ற பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான் தகுதி. வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். வட சென்னை என்ற பெயரிலேயே ஓர் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அம்பத்தூரிலும் கிண்டியிலும் இருக்கின்றன. வழக்கமாக மே மாதத்தை ஒட்டி இணையத்தில் விண்ணப்பம் திறக்கும். கலந்தாய்வு முடிந்து இடம் மீதம் இருந்தால் நேரடிச் சேர்க்கையும் நடக்கும். பலருக்கு இது தெரியாமல் நல்ல இடங்கள் காலியாகப் போவதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத் தேதி போய்விட்டது என்று யாராவது சொன்னாலும் நேரில் போய் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படம் ஆகியவை கையில் இருக்கட்டும். பள்ளியில் மாற்றுச் சான்றிதழை வாங்காமல் விட்டிருந்தால் நாளைக்கே போய் வாங்கச் சொல்லுங்கள். கடைசி நாளில் அதற்காகப் பள்ளிக்கு ஓடி, இடத்தை இழந்தவர்கள் உண்டு.

எந்தப் பிரிவு? ஃபிட்டர் அல்லது எலக்ட்ரீஷியன். நான் ஃபிட்டர் என்பதால் சொல்லவில்லை. ரயில்பெட்டித் தொழிற்சாலை, சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையம், வாகனத் தொழிற்சாலை என்று உங்கள் வீட்டிலிருந்து எண்ணூர் வரை எந்தக் கேட்டில் நின்றாலும் இந்த இரண்டு டிரேடுக்கும் உள்ளே வேலை இருக்கிறது. குடும்ப நெருக்கடி அதிகம், இரண்டு ஆண்டு தாங்காது என்றால் ஓர் ஆண்டு வெல்டர் எடுக்கலாம். கண் பார்வை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் இரண்டு ஆண்டு? இதைத்தான் நான் ஒவ்வொரு பையனிடமும் விளக்க வேண்டியிருக்கிறது. ஃபிட்டர் பிரிவில் முதல் சில மாதம் அரம் போடுவதுதான் வேலை. ஓர் இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, நான்கு பக்கமும் சமமாக, மூலைகள் செங்கோணமாக வரும்வரை அராவ வேண்டும். வெர்னியர் காலிப்பரில் 0.02 மில்லிமீட்டர் வரை அளப்போம். முதல் வாரம் உள்ளங்கையில் கொப்புளம் வரும். இரண்டாம் வாரம் பையன்கள், "சார், கம்பெனியில் எல்லாம் கணினியில் ஓடும் சி.என்.சி. மெஷின்தானே, இதை ஏன் செய்யச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல் அராவச் சொல்வேன். மூன்றாவது மாதம் ஒரு நாள், அளந்து பார்க்காமலேயே "இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கி இருக்கிறது சார்" என்று ஒருவன் விரலால் தடவிச் சொல்வான். அன்றைக்கு அவன் ஃபிட்டர் ஆகத் தொடங்குகிறான். மெஷின் தவறாக வெட்டும்போது அதை முதலில் கண்டுபிடிப்பது அந்த விரல்தான். அதற்குக் குறுக்குவழி இல்லை.

அரசு ஐ.டி.ஐ.க்களில் இப்போது புதிய மெஷின்களும் வந்திருக்கின்றன. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து மாநில அரசு மேம்படுத்தியது. ரோபோ, சி.என்.சி. என்று நாங்கள் படத்தில் மட்டுமே பார்த்தவற்றைப் பையன்கள் தொட்டுப் பழகுகிறார்கள். பாடப்புத்தகம் தமிழிலும் கிடைக்கிறது. அவற்றைத் தயாரிக்கும் தேசிய நிறுவனம் கிண்டியில்தான் இருக்கிறது. ஆங்கிலம் வராது என்ற பயத்தில் யாரும் ஒதுங்க வேண்டாம்.

பணக் கணக்குக்கு வருகிறேன். இதை மறைத்துப் பேசினால் நான் சொன்ன எதற்கும் பொருளில்லை. தம்பி ஓட்டும் பைக்கில்தான் உங்கள் வீட்டு அரிசி வருகிறது என்றால், இரண்டு ஆண்டு படி என்று சொல்வது எளிது, செய்வது கடினம். அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. இலவச பஸ் பாஸ், சீருடை, காலணி, மிதிவண்டி, பாடப்புத்தகம் கிடைக்கும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த ஆண் பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதில் ஐ.டி.ஐ.யும் அடங்கும். சேரும் நாளிலேயே அங்கே இதற்கான பொறுப்பாளர் யார் என்று கேட்டு, பள்ளிச் சான்றுகளைக் கொடுத்துவிடுங்கள். இரண்டையும் கூட்டினாலும் 1,750 ரூபாய்தான். டெலிவரி வருமானத்துக்குப் பக்கத்தில் கூட வராது.

ஆகவே டெலிவரியை முழுவதுமாக விடச் சொல்லமாட்டேன். வகுப்பு மாலையில் முடிந்துவிடும். இரவுச் சாப்பாட்டு நேரத்தில், ஏழு மணி முதல் பத்து வரை ஓட்டலாம், ஞாயிறு முழுவதும் ஓட்டலாம். என் மாணவர்கள் சிலர் அப்படித்தான் படித்தார்கள். ஒரே ஒரு கண்டிப்பு. நள்ளிரவு தாண்டி ஓட்டிவிட்டு மறுநாள் காலை லேத் முன்னால் நிற்கக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் லேத்தில் சுழலும் சக்கில் கை வைத்த ஒரு பையனை ஸ்டான்லி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். விரல் பிழைத்தது. அந்த ஆட்டோப் பயணம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. மாதச் செலவில் எவ்வளவு குறையும், அதை யார் எப்படிச் சமாளிப்பது என்று நீங்களும் அம்மாவும் தம்பியும் ஒன்றாக உட்கார்ந்து, சேரும் முன்பே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பாதியில் நின்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பு வராமல் நிற்கவில்லை. நான்காவது மாதத்தில் வட்டிக்காரர் வீட்டு வாசலில் நின்றதால் நின்றார்கள்.

ஐ.டி.ஐ. முடித்ததும் நேராக வேலைக்கு ஓடிவிடாமல் அப்ரண்டிஸ் முடிக்க வேண்டும். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். 2019இல் திருத்திய விதிகளில் ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தார்கள். முடிவில் தேர்வு எழுதினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். ஐ.டி.ஐ. சான்றிதழும் இதுவும் சேர்ந்து கையில் இருந்தால், தொழிற்சாலை மேலாளர் பேசும் முறையே மாறும்.

இதிலும் ஒரு எச்சரிக்கை. பயிற்சி முடிந்தபின் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. இதைப் பயன்படுத்திக்கொண்டு, அப்ரண்டிஸ் என்று பெயர் சூட்டி லைனில் நிறுத்தி வேலை வாங்கி, ஆண்டு முடிந்ததும் வெறுங்கையுடன் அனுப்பும் இடங்கள் உண்டு. சேர்ந்த முதல் மாதத்திலேயே அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் ஒப்பந்தம் பதிவாகி, ஒப்பந்த எண் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எண் இல்லையென்றால் அது அப்ரண்டிஸ் இல்லை. சான்றிதழும் வராது.

உங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் பெரிய கதவு பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். 1955இல் தொடங்கியது, 2018இல் முதல் வந்தே பாரத் ரயில் வெளிவந்த இடம். ஆண்டுதோறும் அங்கே அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள். வழக்கமாக ஆண்டின் நடுவில் அறிவிப்பு வரும். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் பட்டியல் போடுகிறார்கள், எழுத்துத் தேர்வு இல்லை. ஐ.டி.ஐ. முடித்தவர்களை மட்டும் எடுப்பதில்லை. கணிதமும் அறிவியலும் படித்துப் பத்தாம் வகுப்பில் குறைந்தது 50 சதவீதம் எடுத்தவர்கள் புதியவர் என்ற பிரிவில் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். அதாவது உங்கள் தம்பி ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பிக்கும் அதே ஆண்டில் இதற்கும் விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் தயங்காமல் போகட்டும். பெரம்பூர் லோகோ, கேரேஜ் பணிமனைகளுக்குத் தெற்கு ரயில்வே தனியே அழைக்கிறது. ஐ.டி.ஐ. முடித்து விண்ணப்பிப்பவருக்கு வயது 24க்குள் இருக்க வேண்டும். பட்டியல் சமூகத்தினருக்கு 5 ஆண்டும், பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும் தளர்வு உண்டு. இப்போது 19 என்றால், ஐ.டி.ஐ. முடித்துப் போனாலும் 22க்குள் விண்ணப்பித்துவிடலாம். இன்னும் இரண்டு ஆண்டு "பார்க்கலாம்" என்று தள்ளினால் இந்தக் கதவு மூடத் தொடங்கும்.

ரயில்வே அப்ரண்டிஸை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்கு ஒரு காரணம், ரயில்வேயின் தொடக்கநிலைப் பணிகளான 'நிலை 1' பணிகளில் 20 சதவீத இடம் ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது என்பது. அந்த 20 சதவீதத்தைப் பற்றி வியாசர்பாடியில் எத்தனை வீட்டில் தெரியும்? ஐ.சி.எஃப். சங்கு ஒலி கேட்கும் தெருவிலேயே தெரியவில்லை. உதவி லோகோ பைலட், டெக்னீஷியன் தேர்வுகளுக்கும் ஐ.டி.ஐ. தகுதி கேட்கிறார்கள்.

என் அப்பா பி அண்ட் சி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தார். 1918இல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த மில் தொழிலாளர்களால்தான். அப்போதெல்லாம் அப்பன் கையைப் பிடித்துப் பிள்ளை உள்ளே போவான், சான்றிதழ் யாரும் கேட்கவில்லை. 1996இல் மில் அடியோடு மூடப்பட்டது. எங்கள் தெருவில் ஐம்பது வயது மனிதர்கள் காலையில் குளித்து, சட்டை போட்டு, எங்கே போவது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு வட சென்னையில் வேலை இல்லாமல் போய்விட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது சரியில்லை. மணலியில் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது, எண்ணூரில் அசோக் லேலண்ட் இருக்கிறது, திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். இருக்கிறது, காமராஜர் துறைமுகம் இருக்கிறது, காட்டுப்பள்ளித் துறைமுகம் இருக்கிறது. வேலை நம் வீட்டு வாசலில் புகையாகவும் லாரியாகவும் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே போகும் பாஸ் மட்டும் டிரேடு சான்றிதழ் வைத்திருக்கும் வெளியூர்ப் பையனுக்குப் போகிறது. நம் பையன் அதே கேட்டுக்கு வெளியே கான்ட்ராக்ட் ஆளாக நிற்கிறான். இந்த ஒரு விஷயம்தான் என்னை ஓய்வு பெற்ற பிறகும் சும்மா உட்கார விடவில்லை.

இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில் காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். நம் பகுதிப் பையன்களில் சிலர் ஏதோ ஒரு தெருச் சண்டையில் பெயர் சேர்க்கப்பட்டு, வழக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாமல் இருப்பார்கள். வேலை கிடைத்த பிறகு அது வெளியே வந்து, கிடைத்த வேலையும் போகும். உங்கள் தம்பிக்கு அப்படி எதுவும் இல்லை என்றால் நல்லது. அவன் நண்பர்களில் யாருக்காவது இருந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள், 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வழக்கை முடித்துவிட்டு வேலை தேடுவது நல்லது.

அம்மா சொல்லும் குரூப் 4 பற்றி. அம்மாவின் ஆசையை மதிக்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2024ஆம் ஆண்டுத் தேர்வுக்கு முதல் அறிவிப்பில் இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம். அதை மட்டும் நம்பி மூன்று நான்கு ஆண்டு வீட்டில் உட்கார்ந்து, வயது 26 ஆகி, கையில் எந்தத் தொழிலும் இல்லாமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. தேர்வு எழுதட்டும், ஐ.டி.ஐ. படித்துக்கொண்டே எழுதட்டும். 200 கேள்விகளில் 100 தமிழ். அந்தப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே 6 முதல் 10 வரையிலான பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை வரி விடாமல் படிப்பதில் தொடங்க வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி உண்டு. வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லை என்றால் கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தைப் போய்ப் பாருங்கள். ஒற்றை அறை வீடுகளில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு மேசையும் நாற்காலியும் அமைதியும் கிடைப்பது சிறிய விஷயம் இல்லை.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு தானாக வேலையைக் கொண்டு வராது. ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஐ.டி.ஐ. முடித்ததும் அந்தச் சான்றிதழையும் அதே பதிவில் சேர்க்க வேண்டும். பதிந்து ஐந்து ஆண்டு வேலை கிடைக்காமல், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாமல் இருந்தால் மூன்று ஆண்டு வரை உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு மாதம் 300, பிளஸ் 2வுக்கு 400, பட்டத்துக்கு 600 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்கு விதிகளும் தொகையும் வேறு, ஓர் ஆண்டு பதிவே போதும். அந்த அலுவலகத்தின் இன்றைய முழுப் பெயரே மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். கிண்டியில் இருக்கிறது. அங்கே நடக்கும் தனியார் துறை முகாமுக்குத் தம்பி ஒருமுறை போய் வரட்டும். வேலை கிடைக்காவிட்டாலும், எந்த வேலைக்கு என்ன கேட்கிறார்கள் என்று அவன் காதால் கேட்பது நல்லது.

காசிமேட்டில் உங்களுக்கு உறவினர் இருந்தால் ஒன்று சொல்லுங்கள். ராயபுரத்தில் மத்திய அரசின் மீன்வளக் கடல்சார் பயிற்சி நிறுவனத்தின் கிளை இருக்கிறது. கப்பல் செலுத்துவதற்கும், கப்பல் இயந்திரம் பராமரிப்பதற்கும் அங்கே இரண்டு ஆண்டுப் படிப்புகள். பத்தாம் வகுப்பில் தேர்ந்த பையன்கள் சேரலாம். கடலிலேயே வளர்ந்த பிள்ளைகள் அந்தச் சுவரைக் கடந்து தினமும் போகிறார்கள்.

சொந்தத் தொழில் கடன், மானியம் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். வேலையில்லா இளைஞர்களுக்கான மாநில அரசின் கடன் திட்டத்தில் 25 சதவீத மானியம் இருக்கிறது. பட்டியல் சமூகத்தினருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம் இருக்கிறது. தொழில் கை பழகி, இரண்டு மூன்று ஆண்டு அடுத்தவர் பட்டறையில் நின்ற பிறகு அதற்குப் போனால் கடன் கட்டலாம்.

இனி உங்களைப் பற்றி. தம்பிக்காக இவ்வளவு எழுதிய நீங்கள், உங்களைப் பற்றி எழுதியது ஒரே வரி. "செலவை நான் பார்த்துக்கொள்வேன்" என்று அதையும் அவனுக்காகவே முடித்திருக்கிறீர்கள். ஐந்து ஆண்டு தையல் மெஷினில் இருந்தவர் நீங்கள். உங்கள் கை ஏற்கெனவே தொழில் கற்ற கை, அதற்குத் தாள் மட்டும் இல்லை. தாள் இல்லாததால் நீங்கள் டெய்லர் என்ற கூலியிலேயே நிற்கிறீர்கள், மேற்பார்வையாளர் இடம் வேறொருவருக்குப் போகிறது. ஐ.டி.ஐ.யில் படிக்காதவர்களும் தொழிலில் குறைந்தது 3 ஆண்டு அனுபவம் இருந்தால், 21 வயது நிறைந்திருந்தால், அகில இந்தியத் தொழில் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தையல் தொழில்நுட்பப் பிரிவு அதில் உண்டு. அறிவிப்பு வரும்போது அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் விண்ணப்பிக்க வேண்டும். தேர்ச்சி பெற்றால் கிடைப்பது, ஒரு வருடம் வகுப்பில் உட்கார்ந்தவர் வாங்கும் அதே தேசியத் தொழிற்சான்றிதழ். நேராகச் சேர்ந்து படிப்பதானாலும், ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு வயது உச்சவரம்பு கிடையாது.

தம்பிக்கு விண்ணப்பம் போடப் போகும் அன்று இதையும் கேட்டு வாருங்கள். அதற்கு முன் உங்கள் கம்பெனியில் ஒரு வேலை. சேர்ந்த தேதி, செய்யும் பணி, எத்தனை ஆண்டு என்று குறிப்பிட்டு, கம்பெனி முகவரித் தாளில், முத்திரையுடன் ஓர் அனுபவக் கடிதம் கேட்டு வாங்குங்கள். வேலையை விடப்போகிறீர்களோ என்று முதலாளி கேட்டால், தேர்வு எழுதப் போகிறேன் என்று சொல்லுங்கள். பி.எஃப். கணக்கு எண்ணும் சம்பளச் சீட்டுகளும் இருந்தால் அவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.